ஒரே அளவுப் பட்டியலில் ஆயுட்காலச் செலவும் கார்பனும்: கட்டடத் திட்டங்களுக்கான முழுமையான வழிகாட்டி

எஸ்டிமேட் என்றால் நம் ஊரில் பெரும்பாலும் சாவி கொடுக்கும் நாள் வரைக்குமான கணக்குதான். அதற்குப் பிறகு 50 ஆண்டுகள் ஓடும் மின்கட்டணம், ஏசி மாற்றம், மொட்டை மாடிக் கசிவு, வெளி பெயின்ட், கடைசியில் இடிப்பு என எதுவும் அதில் வராது. கார்பன் கணக்கு, அதாவது கட்டடத்தால் எவ்வளவு கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது என்பது, யாராவது கேட்டால், அதற்கென்று ஒரு ஆலோசகர் தனி எக்செல் ஒன்றைத் திறந்து, வரைபடத்திலிருந்து தானே அளவெடுத்துப் போட்டுத் தருகிறார். முடிவில் இரண்டு அறிக்கை கையில் இருக்கும். ஒன்றில் கான்கிரீட் 600 கன மீட்டர், மற்றதில் 540. ஒன்றில் ஏசியின் ஆயுள் 15 ஆண்டு, மற்றதில் 20. இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்து எந்த முடிவும் எடுக்க முடியாது.

அளவுப் பட்டியல் ஒன்றுதான் இருக்க வேண்டும். ஒவ்வொரு வரியிலும் அளவுக்குப் பக்கத்தில் ரூபாய் விலை ஒரு பத்தி, உமிழ்வுக் காரணி (ஒரு கிலோ பொருளுக்கு எத்தனை கிலோ கார்பன் டை ஆக்சைடு) ஒரு பத்தி, ஆயுள் ஒரு பத்தி. இந்த மூன்றிலிருந்துதான் மீதி எல்லாம் வரும்.

விளக்கத்துக்கு ஒரு கட்டடத்தை எடுத்துக்கொள்வோம். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் தரைத்தளமும் இரண்டு மாடியும் கொண்ட அலுவலகம், தளத்துக்கு 500 வீதம் மொத்தம் 1,500 சதுர மீட்டர். கணக்கு காலம் 2026 முதல் 50 ஆண்டு. கீழே வரும் விலைகள், கட்டட அளவுகள், காரணிகள் எல்லாம் இந்தப் பயிற்சிக்காக வைத்துக்கொண்ட வேலை மதிப்புகள். உங்கள் திட்டத்துக்கு உங்கள் கொட்டேஷன், உங்கள் அளவு, உங்கள் சப்ளையரின் சான்று ஆகியவற்றைப் போட வேண்டும். கணக்கின் வரிசை மாறாது.

படி 1: எல்லையை எழுதி வையுங்கள்

கார்பனுக்கு உலகெங்கும் புழங்கும் வரிசை ஐரோப்பியத் தரநிலை இஎன் 15978 தந்தது. ஏ1 முதல் ஏ3 வரை பொருள் தயாரிப்பு. ஏ4 தளத்துக்கு ஏற்றி வருவது. ஏ5 கட்டும் வேலையும் தளத்துச் சேதாரமும். பி1 முதல் பி5 வரை கசிவு, பராமரிப்பு, பழுது, மாற்றம், புதுப்பிப்பு. பி6 மின்சாரம், பி7 தண்ணீர். சி1 முதல் சி4 வரை இடிப்பு, ஏற்றிச் செல்வது, பிரிப்பது, கொட்டுவது. டி என்பது கட்டடத்தின் எல்லைக்கு வெளியே கிடைக்கும் நன்மை. பழைய கம்பி மறுபடி உருக்காவது போல. இதைத் தனியாகக் காட்ட வேண்டும், மொத்தத்தில் கழிக்கக் கூடாது.

செலவுப் பக்கம் ஐஎஸ்ஓ 15686-5 இருக்கிறது. இரண்டையும் ஒரே தலைப்புகளின் கீழ் கொண்டுவரும் முயற்சி 2021இல் வந்த ஐசிஎம்எஸ் (சர்வதேசச் செலவு மேலாண்மைத் தரநிலை) மூன்றாம் பதிப்பு. தரநிலை எதுவானாலும், முதல் தாளில் ஐந்து விஷயம் எழுதியிருக்க வேண்டும்: கணக்கு காலம், பரப்பளவை எப்படி அளந்தீர்கள், எந்தெந்தக் கட்டங்கள் சேர்த்தி, எவை சேர்த்தி இல்லை, விலைகள் எந்தத் தேதியவை. தேதி ஏன் முக்கியம் என்பதற்கு சிமென்ட் ஒன்றே போதும். 2025 செப்டம்பர் 22 முதல் அதன் ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது. அதற்கு முந்தைய விலையை வைத்துப் போட்ட எஸ்டிமேட்டை அதற்குப் பிந்தையதோடு ஒப்பிட்டால், டிசைனால் வந்த வித்தியாசம் எது, வரியால் வந்தது எது என்று பிரிக்க முடியாது.

கணக்கு காலத்தில் ஒரு எச்சரிக்கை. பிரிட்டனின் சர்வேயர்கள் அமைப்பான ஆர்ஐசிஎஸ் முறையில் 60 ஆண்டு வழக்கம். நீங்கள் 50 வைத்துவிட்டு, 60 ஆண்டுக் கணக்கில் வந்த வேறொரு கட்டடத்தின் சதுர மீட்டர் எண்ணோடு ஒப்பிடக் கூடாது.

படி 2: அளவுகள்

கான்செப்ட் நிலையில் வரைபடம் முழுமையாக இருக்காது. அப்போது பரப்பளவை வைத்து மதிப்பிடலாம். நம் எடுத்துக்காட்டில் அஸ்திவாரம் சேர்த்து சதுர மீட்டருக்கு 0.4 கன மீட்டர் கான்கிரீட், அதாவது 600 கன மீட்டர். கன மீட்டருக்கு 105 கிலோ கம்பி வைத்தால் 63 டன். சதுர அடிக்கு 3.9 கிலோ வருகிறது. இந்த உயரக் கட்டடத்துக்கு இது நம்பக்கூடிய எண். உங்கள் கணக்கில் இது 2 அல்லது 7 என்று வந்தால், மேலே போகாமல் அங்கேயே நின்று பாருங்கள். ஸ்ட்ரக்சுரல் வரைபடம் வந்ததும் பார் பெண்டிங் பட்டியலிலிருந்து (ஒவ்வொரு கம்பியின் விட்டம், நீளம், எண்ணிக்கை) எடுங்கள். மீட்டருக்கு எடை என்பது விட்டத்தின் வர்க்கத்தை 162ஆல் வகுத்தது. 12 மி.மீ. கம்பிக்கு 0.89 கிலோ.

அளவில் நடக்கும் தவறுகள் பெரும்பாலும் அலகில்தான். ஜல்லியும் எம்-சாண்டும் யூனிட் கணக்கில் வரும். ஒரு யூனிட் 100 கன அடி, அதாவது 2.83 கன மீட்டர். காரணிகள் எல்லாம் கிலோவுக்கு இருக்கும். நடுவில் அடர்த்தி வேண்டும், ஈரமான மணலா உலர்ந்ததா என்றும் தெரிய வேண்டும். சிமென்ட் மூட்டை 50 கிலோ. ஏஏசி பிளாக் (காற்றுத் துளைகள் கொண்ட இலகுவான கான்கிரீட் கல்) கன மீட்டரில் விலை பேசப்படும், செங்கல் ஆயிரத்துக்கு. எல்லாவற்றையும் கிலோவுக்கு மாற்றும் ஒரு பத்தியை முதலிலேயே போட்டுவிட்டால், பின்னால் தேட வேண்டாம்.

சுவருக்குப் பொருள் ஒப்பிடும்போது கிலோவை வைத்து ஒப்பிடாதீர்கள். ஏஏசி பிளாக் கிலோவுக்கு செங்கல்லை விட அதிகக் காரணி காட்டலாம். ஆனால் அதன் அடர்த்தி கன மீட்டருக்கு 550 முதல் 650 கிலோதான். செங்கல் சுவர் அதைப்போல இரண்டரை மடங்கு கனம். சுவரின் ஒரு சதுர மீட்டரை எடுத்து, பிளாக், மோர்ட்டார், இரண்டு பக்கப் பூச்சு எல்லாம் சேர்த்து ஒப்பிடுங்கள். ஏஏசிக்குப் பூச்சு மெலிதாகப் போகும், பீமின் மேல் சுமையும் குறையும். இந்தச் சுமைக் குறைவு கம்பி அளவில் இறங்கியதா என்று ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் கேளுங்கள். டிசைனை மாற்றாமல் சுவரை மட்டும் மாற்றினால் அந்த நன்மை காகிதத்தில்தான் இருக்கும்.

படி 3: உமிழ்வுக் காரணிகள்

தேர்வு வரிசை இது. முதலில் நீங்கள் வாங்கப்போகும் பிராண்டின், அதே ஆலையின் இபிடி, அதாவது சரிபார்க்கப்பட்ட சுற்றுச்சூழல் அறிக்கை. அது இல்லையென்றால் இந்தியத் தரவு. 2017இல் உலக வங்கிக் குழுமத்தின் ஐஎஃப்சி வெளியிட்ட இந்தியக் கட்டுமானப் பொருள் தரவுத்தளம் இதற்கு உதவும். அதுவும் இல்லாத பொருளுக்கு மட்டும் பிரிட்டனின் ஐசிஇ தரவுத்தளம் போன்ற வெளிநாட்டு எண்.

வெளிநாட்டு எண் எங்கே காலை வாரும் என்பதற்கு அலுமினியம் தெளிவான சான்று. ஒரு கிலோ அலுமினியத்தை உருக்கிப் பிரிக்க 14, 15 யூனிட் மின்சாரம் வேண்டும். நம் நாட்டில் அது பெரும்பாலும் ஆலையின் சொந்த நிலக்கரி மின் நிலையத்திலிருந்து வருகிறது. மின்சாரம் மட்டுமே கிலோவுக்கு 13, 14 கிலோ உமிழ்வைக் கொடுத்துவிடும். நீர்மின்சாரமும் மறுசுழற்சியும் அதிகமுள்ள ஐரோப்பிய எண்ணான 6, 7ஐ எடுத்து ஜன்னலுக்குப் போட்டால், பாதி காணாமல் போகிறது. கம்பியிலும் இதே கதைதான். இந்திய எஃகின் சராசரி டன்னுக்கு 2.5 டன் அளவில் இருக்கிறது. 2024 டிசம்பரில் மத்திய எஃகு அமைச்சகம் வெளியிட்ட பசுமை எஃகு வகைப்பாட்டில், 2.2 டன்னுக்குக் கீழே வந்தால்தான் நட்சத்திரம், 1.6க்குக் கீழே வந்தால் ஐந்து நட்சத்திரம். டெண்டரில் இந்த நட்சத்திரத்தைக் கேட்கலாம். கேட்டால் அதற்கான சான்றிதழையும் கேளுங்கள்.

நம் 63 டன் கம்பிக்கு 2.5 வைத்தால் 157.5 டன். 2.0 உள்ள கம்பி கிடைத்தால் 126 டன்.

கான்கிரீட்டில் உமிழ்வு ஏறக்குறைய முழுவதும் சிமென்ட்தான். எம்25 என்ற வலிமைத் தரக் கலவையில் ஜல்லி, எம்-சாண்ட் சேர்த்து 1,850 கிலோ இருந்தாலும், கிலோவுக்கு 0.006 வைத்தால் கன மீட்டருக்கு 11 கிலோதான் வருகிறது.

| சிமென்ட் | கன மீட்டருக்கு கிலோ | காரணி | கான்கிரீட் கன மீட்டருக்கு | 600 கன மீட்டருக்கு |
|---|---|---|---|---|
| ஓபிசி (கலப்பில்லாத சாதாரண சிமென்ட்) | 330 | 0.88 | 301 கிலோ | 181 டன் |
| பிபிசி, சாம்பல் 30% | 350 | 0.62 | 228 கிலோ | 137 டன் |
| பிஎஸ்சி, கசடு 50% | 350 | 0.45 | 169 கிலோ | 101 டன் |

இந்தியத் தரநிலை ஐஎஸ் 1489 படி பிபிசியில் நிலக்கரிச் சாம்பல் 15 முதல் 35 சதவீதம் வரை இருக்கலாம். ஐஎஸ் 455 படி பிஎஸ்சியில் உலைக் கசடு 25 முதல் 70 வரை. ஆகவே மூட்டையின் பெயரை மட்டும் வைத்துக் காரணி போட முடியாது. அந்த ஆலை எவ்வளவு கலக்கிறது என்று பாருங்கள். மூட்டையிலோ டெஸ்ட் சான்றிதழிலோ இருக்கும். சுட்ட களிமண்ணும் சுண்ணாம்புக்கல்லும் கலந்த எல்சி3 சிமென்ட்டுக்கும் 2023இல் ஐஎஸ் 18189 வந்துவிட்டது. உங்கள் பகுதியில் கிடைத்தால் இந்த அட்டவணையில் இன்னொரு வரி.

இங்கே செலவுப் பக்கத்தை மறந்துவிடுகிறார்கள். கலப்பு சிமென்ட் ஆரம்பத்தில் மெதுவாக இறுகும். ஐஎஸ் 456, தாங்கும் இடங்களுக்கு நடுவே 4.5 மீட்டர் வரை நீளமுள்ள தளத்துக்கு முட்டு எடுக்க 7 நாள், அதற்கு மேல் 14 நாள் என்கிறது. அது ஓபிசிக்கான கணக்கு. வேறு சிமென்ட் என்றால் மாற்றிக்கொள்ளச் சொல்கிறது. நீரூட்டலும் 7 நாளுக்குப் பதில் குறைந்தது 10 நாள். சென்ட்ரிங் வாடகை, தண்ணீர் லாரி, தளத்துக்குத் தளம் தள்ளிப்போகும் நாட்கள் எல்லாம் ரூபாய்ப் பத்தியில் ஏற வேண்டும். இதைச் சொல்லாமல் பிஎஸ்சிதான் மலிவு என்று எழுதினால் கான்ட்ராக்டர் முதல் தளத்திலேயே ஓபிசிக்கு மாறிவிடுவார். கார்பன் அறிக்கையில் பிஎஸ்சி அப்படியே இருக்கும்.

இன்னொன்று, இந்த எம்25 உள்நாட்டுக்குப் பொருந்தும். கடற்கரைக் காற்று நேராகப் படும் இடமென்றால் ஐஎஸ் 456இல் கடும் சூழல் என்ற வகை. குறைந்தது எம்30, சிமென்ட் 320 கிலோவுக்குக் குறையக் கூடாது, கவரிங்கும் (கம்பிக்கு வெளியே உள்ள கான்கிரீட் தடிமன்) கூடும். அங்கே சிமென்ட்டைக் குறைத்துக் கார்பன் மிச்சம் பிடிக்கப் பார்த்தால், 15, 20 ஆண்டில் கம்பி துருப்பிடித்துப் பழுது வேலை பி3இல் வந்து நிற்கும்.

படி 4: ஏற்றி வருவதும் தளமும்

லாரிக்கு டன்-கிலோமீட்டருக்கு 0.09 கிலோ வைக்கலாம். எங்கிருந்து வருகிறது இந்த எண் என்றால்: 16 டன் ஏற்றிய லாரி லிட்டருக்கு மூன்றரை கிலோமீட்டர் ஓடும், டீசல் லிட்டருக்கு 2.68 கிலோ உமிழ்வு, திரும்பும்போது காலி; இவற்றோடு கொஞ்சம் பாதுகாப்பு விளிம்பு.

அரியலூரிலிருந்து 210 டன் சிமென்ட் 270 கிலோமீட்டர் வந்தால் 5.1 டன். அந்தச் சிமென்ட்டின் தயாரிப்பு உமிழ்வுக்கு முன்னால் இது சில்லறை. ஜல்லியும் மணலும் 1,110 டன், 60 கிலோமீட்டர் என்றால் 6 டன். அவற்றைத் தயாரிக்க ஆனதே 6.7 டன்தான். ஆக, தூரம் பார்க்க வேண்டியது ஜல்லி, மணல், செங்கல், நிரப்பு மண்ணுக்கு. சிமென்ட்டுக்கும் கம்பிக்கும் எந்த ஆலை என்பதுதான் கேள்வி, எவ்வளவு தூரம் என்பதல்ல.

ஏ5இல் ஜெனரேட்டர் டீசல், தற்காலிக மின் இணைப்பு, சேதாரம். கான்கிரீட்டுக்கு 3, கம்பிக்கு 4, டைலுக்கு 7 சதவீதம் என்ற அளவில் தொடங்கி, தளத்துப் பதிவேட்டை வைத்துத் திருத்துங்கள். சேதாரம் ரூபாயில் ஏற்கெனவே ரேட் அனாலிசிஸுக்குள் (வேலையின் விலையைப் பொருள், கூலி என்று பிரித்துப் போடும் கணக்கு) இருக்கும், கார்பனில் இருக்காது. ஒரு பக்கம் இரண்டு முறை ஏறுவதும், மறுபக்கம் ஒரு முறைகூட ஏறாததும் இந்த வரியில்தான் அடிக்கடி நடக்கும்.

படி 5: மாற்றக் கால அட்டவணை

செலவும் கார்பனும் ஒரே அட்டவணையிலிருந்து எடுக்க வேண்டிய முக்கியமான இடம் இது. மாற்றும் தடவை = கணக்கு காலத்தைப் பொருளின் ஆயுளால் வகுத்து, மேல்நோக்கி முழு எண்ணாக்கி, ஒன்றைக் கழிப்பது. ஏசிக்கு 50ஐ 15ஆல் வகுத்தால் 3.33, மேல்நோக்கி 4, ஒன்று கழித்து 3 தடவை. டைலுக்கு 25 ஆண்டு வைத்தால் 1 தடவை. மொட்டை மாடி வாட்டர்புரூஃபிங் 10 ஆண்டு என்றால் 4 தடவை. வெளி பெயின்ட் 6 ஆண்டு வைத்தால் சூத்திரம் 8 தடவை தரும், கடைசி 48ஆம் ஆண்டில். இரண்டு ஆண்டில் இடிக்கப்போகும் கட்டடத்துக்கு யாரும் பெயின்ட் அடிக்க மாட்டார்கள். அதை வெட்டிவிட்டு 7 என்று வைத்து, வெட்டியதைக் குறிப்பில் எழுதுங்கள்.

ஆயுளைக் கம்பெனி கேட்டலாக்கிலிருந்து எடுப்பதைவிட, அதே ஊரில் இருக்கும் கட்டடங்களின் பராமரிப்புப் பதிவிலிருந்து எடுப்பது நல்லது. 10 ஆண்டு வாரன்டி தரும் வாட்டர்புரூஃபிங், சரிவு சரியில்லாத மாடியில் 4 ஆண்டுகூடத் தாங்காது. ஒன்றை மாற்றும்போது கூடவே உடைபடுவதையும் சேருங்கள்: வாட்டர்புரூஃபிங் மாற்றினால் மேலே பதித்த தட்டு ஓடுகளும் போகும், மறைவான பைப் மாற்றினால் பாத்ரூம் டைலும் போகும்.

படி 6: மின்சாரம், பிறகு ஏசி கேஸ்

ஏசி உள்ள இந்த அலுவலகத்துக்கு ஆண்டுக்குச் சதுர மீட்டருக்கு 90 யூனிட் வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 1,35,000 யூனிட். மத்திய மின்சார ஆணையம் 2023-24க்குக் கணித்த தேசிய மின்தொகுப்புச் சராசரி யூனிட்டுக்கு 0.727 கிலோ. ஆண்டுக்கு 98 டன். இந்த எண் மின் நிலைய வாசலில் அளந்தது, கம்பி வழி இழப்பு இதில் இல்லை. உங்கள் பகுதி இழப்பை மேலே ஏற்றிக்கொள்ளுங்கள். இங்கே எளிமைக்காக விட்டிருக்கிறோம்.

இப்போது 50ஆல் பெருக்கினால் 4,907 டன். கான்கிரீட்டும் கம்பியும் சேர்ந்து 300 டன் அளவில் நிற்கும்போது, இந்த எண்ணைப் பார்ப்பவர் கட்டுமானக் கார்பனைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாம் என்று முடிவு செய்துவிடுவார். ஆனால் மின்தொகுப்பு 50 ஆண்டும் இப்படியே இருக்காது. 2070இல் நிகர பூஜ்யம் என்பது இந்தியா அறிவித்த இலக்கு. 0.727 நேர்க்கோட்டில் இறங்கி 2070இல் பூஜ்யத்தைத் தொடும் என்று வைத்தால், மொத்தம் 2,160 டன் ஆகிறது. பாதிக்கும் கீழே. இரண்டையும் அறிக்கையில் காட்டுங்கள். ஒன்றை மட்டும் காட்டுவது, எதைக் காட்டினாலும், படிப்பவரை ஒரு பக்கமாகத் தள்ளிவிடுவதாகும்.

மாடியில் சோலார் போட்டால், கட்டடத்துக்குள் செலவான யூனிட்டை மட்டும் பி6இல் கழியுங்கள். வெளியே விற்றதைத் தனியாகக் காட்டுங்கள். பேனலின் சொந்தக் கார்பனும், நடுவில் ஒரு முறையாவது மாற்ற வேண்டிய இன்வெர்ட்டரும் பட்டியலில் ஏற வேண்டும்.

ஏசி கேஸை முக்கால்வாசி அறிக்கைகள் விட்டுவிடுகின்றன. 60 டன் ஏசிக்கு ஆர்-410ஏ டன்னுக்கு 1.2 கிலோ என்றால் 72 கிலோ. ஆண்டுக்கு 5 சதவீதக் கசிவு 3.6 கிலோ. இந்த வாயு ஒரு கிலோ, கார்பன் டை ஆக்சைடு 2,088 கிலோவுக்குச் சமம். ஆண்டுக்கு 7.5 டன், 50 ஆண்டில் 376 டன். கட்டடத்தின் மொத்தக் கான்கிரீட்டையும் ஓபிசியில் போட்டிருந்தால் வரும் உமிழ்வைப்போல இரண்டு மடங்கு. இதில் பழைய மெஷினைக் கழற்றும்போது வெளியே விடும் கேஸ் சேரவில்லை. ஆர்-32 என்றால் எண் 675, நிரப்பும் அளவும் குறைவு. 54 கிலோ வைத்தால் 50 ஆண்டில் 91 டன்.

படி 7: ரூபாயை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவருவது

எதிர்காலச் செலவை (1 + வீதம்) என்பதன் ஆண்டு அடுக்கால் வகுக்க வேண்டும். கேள்வி, எந்த வீதம் என்பதே. செலவுகளை இன்றைய விலையில், பணவீக்கம் சேர்க்காமல் எழுதினால், வீதத்திலும் பணவீக்கத்தைக் கழித்திருக்க வேண்டும். வங்கி வட்டி 9, பணவீக்கம் 5 என்றால் 1.09ஐ 1.05ஆல் வகுத்து 3.8 சதவீதம், 4 என்று வைப்போம். இன்றைய விலையில் செலவை எழுதிவிட்டு 9 சதவீதத்தால் கழிப்பதுதான் இந்தத் துறையில் மிக அதிகமாக நடக்கும் பிழை. எதிர்காலம் முழுவதும் ஒன்றுமில்லாததாகிவிடும். மலிவான பொருளே எப்போதும் ஜெயிக்கும்.

நம் கட்டடத்துக்கு, லட்சத்தில், 4 சதவீத வீதத்தில்:

- கட்டும் செலவு: 450
- மின்சாரம், யூனிட் ₹9 வீதம் ஆண்டுக்கு 12.15: 261
- ஆண்டுப் பராமரிப்பு 5.4: 116
- ஏசி 36, மூன்று தடவை: 37
- வெளி பெயின்ட் 6, ஏழு தடவை: 18
- வாட்டர்புரூஃபிங் 5, நான்கு தடவை: 8
- 25ஆம் ஆண்டில் டைல், வயரிங், லிஃப்ட் 60: 22.5
- இடிப்பு 15: 2

மொத்தம் சுமார் ₹9.15 கோடி. கட்டிய செலவைப்போல இரண்டு மடங்கு. இதே பட்டியலை 8 சதவீதத்தில் போட்டால் ₹7.04 கோடி. நிலம், கடன் வட்டி, தண்ணீர், சுத்தம் செய்யும் ஆட்கூலி இதில் இல்லை. அலுவலகத்தில் கடைசி இரண்டும் சிறியவை அல்ல, உங்கள் கணக்கில் சேருங்கள்.

கார்பனை இப்படிக் கழிக்கக் கூடாது. 40 ஆண்டு கழித்து வரும் ஒரு டன்னும் ஒரு டன்தான். ஒரே எக்செல்லில் இரண்டையும் வைப்பதால், சூத்திரத்தை இழுக்கும்போது இந்த வீதக் கழிப்பு கார்பன் பத்திக்கும் போய்விடும் அபாயம் உண்டு. அந்தப் பத்தியைப் பூட்டி வையுங்கள்.

படி 8: தேர்வுகளை ஒப்பிடுவது

மொத்த எண்ணைச் சொல்வதற்காக இந்தக் கணக்கை யாரும் போடுவதில்லை. இரண்டு தேர்வில் எது என்று சொல்லத்தான். அதற்கு வித்தியாசம் மட்டும் போதும்.

ஏசியையே எடுங்கள். முதல் தேர்வு ஆர்-410ஏ, ₹36 லட்சம், ஆண்டுக்கு 60,000 யூனிட். இரண்டாவது ஆர்-32, திறன் கூடியது, ₹45 லட்சம், 48,000 யூனிட். ஆண்டு மிச்சம் ₹1.08 லட்சம். 15 ஆண்டில், 4 சதவீதத்தில் அதன் இன்றைய மதிப்பு ₹12 லட்சம். கூடுதல் ₹9 லட்சத்தை எடுத்து மேலே 3 லட்சம் நிற்கிறது. 8 சதவீதத்தில் மிச்சம் ₹9.24 லட்சம், ஏறக்குறைய சமம். 10 சதவீதத்தில் ₹8.2 லட்சம், நஷ்டம். ஆக இந்த முடிவு மெஷினைவிட வீதத்தைச் சார்ந்திருக்கிறது. அறிக்கையில் இதை ஒளிக்காமல் எழுதுங்கள்.

கார்பனில் அதே 15 ஆண்டில் மின்சாரத்தில் 131 டன், கேஸில் 85 டன், மொத்தம் 216 டன் மிச்சம். ஓபிசியிலிருந்து பிஎஸ்சிக்கு மாறினால் கிடைப்பது 80 டன். சிமென்ட்டைப் பற்றி மூன்று மீட்டிங் நடக்கும். ஏசியைக் கடைசி மாதத்தில் பர்சேஸ் பிரிவு குறைந்த விலைக்கு முடித்துவிடும். இருந்தாலும் சிமென்ட்டின் 80 டன் இப்போதே, இந்த ஆண்டே கிடைக்கும் நிச்சயமான மிச்சம். ஏசியின் மின்சாரப் பங்கு மின்தொகுப்பு சுத்தமாக ஆகக் குறைந்துகொண்டே போகும். கேஸ் பங்கு சர்வீஸ் ஆளின் கையில் இருக்கிறது. இரண்டையும் ஒரே கூட்டலில் போட்டாலும், எப்போது கிடைக்கும், எவ்வளவு உறுதி என்று பக்கத்தில் எழுதுங்கள்.

படி 9: இடிப்பு

நம் ஊரில் பழைய கட்டடத்தை இடிப்பவர் கம்பி, கதவு, ஜன்னலை எடுத்துக்கொண்டு, பல நேரம் உரிமையாளருக்கே காசு கொடுப்பார். 50 ஆண்டு கழித்து அப்படி நடக்கும் என்று வைக்காமல், செலவாகவே வையுங்கள். கம்பி மறுபடி உருக்காவதன் நன்மை டி கட்டத்துக்குப் போகும். 2025இல் அறிவித்த கட்டுமான, இடிப்புக் கழிவு விதிகள் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருகின்றன. 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள திட்டங்களுக்குத் தயாரிப்பாளர் பொறுப்பு, அதாவது உண்டாக்கிய கழிவுக்குத் தாமே பொறுப்பேற்பது, வருகிறது. நம் எடுத்துக்காட்டு அதற்குள் வராது, பெரிய திட்டங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மரம் பயன்படுத்தினால், அதற்குள் இருக்கும் கார்பனை ஏ கட்டத்தில் கழித்துவிட்டு சியில் திருப்பிச் சேர்க்காமல் விடுவது பெரிய ஏமாற்று. இரண்டையும் காட்டுங்கள், அல்லது இரண்டையும் விட்டுவிடுங்கள்.

படி 10: சோதனை, பிறகு பில்களோடு ஒப்பிடல்

அறிக்கை கையெழுத்தாகும் முன் மூன்றைத் தள்ளிப் பாருங்கள்: வீதம் 4க்கும் 8க்கும், மின்தொகுப்பு நிலையாகவும் இறங்குவதாகவும், முக்கியப் பொருள்களின் ஆயுள் கால் பங்கு கூட்டியும் குறைத்தும். எந்தத் தள்ளலில் தேர்வு மாறுகிறதோ அதை முதல் பக்கத்தில் எழுதுங்கள். கான்செப்ட் நிலையில் கார்பன் மொத்தத்துக்கு மேல் 15 சதவீதம் ஒதுக்கி வையுங்கள். வயர், குழாய், டக்ட் இவற்றுக்கு அந்த நிலையில் அளவே இருக்காது. இல்லையென்று பூஜ்யம் போட்டால் பிறகு கூடிக்கொண்டே போகும்.

கட்டி முடித்ததும் கணக்கைத் திருத்தியாக வேண்டும். அதற்குத் தேவையானவை: ஆர்எம்சி (ஆலையில் கலந்து வரும் கான்கிரீட்) டெலிவரி சலான்கள் ஒவ்வொன்றும், அவற்றில் கலவை எண், சிமென்ட் வகை, கம்பியின் மில் டெஸ்ட் சான்றிதழ், எடைமேடைச் சீட்டு, ஜெனரேட்டர் டீசல் பதிவேடு, தற்காலிக மின் இணைப்பின் பில்கள், கழிவு ஏற்றிய லாரி எண்ணிக்கை, ஏசி நிறுவியவர் ஊற்றிய கேஸின் கிலோ அளவு. கடைசியாகச் சொன்னதை கமிஷனிங் அறிக்கையில் எழுதச் சொல்லி ஒப்பந்தத்திலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்; பிறகு கேட்டால் யாருக்கும் நினைவிருக்காது. முதல் ஆண்டு மின் பில் வந்ததும் 1,35,000 யூனிட் என்ற மதிப்பீட்டோடு வைத்துப் பாருங்கள். 20 சதவீதத்துக்கு மேல் விலகினால், கட்டடத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள், ஏசி எந்த வெப்பநிலையில் ஓடுகிறது, சர்வர் அறை பின்னால் சேர்ந்ததா என்று பார்த்து, பி6 வரியை உண்மை எண்ணுக்கு மாற்றுங்கள்.